எரிமலை ஒரு தீவில், இருவாச்சி இன்னொரு தீவில்

கேள்வி: பிப்ரவரியில் குடும்பத்தோடு அந்தமான் போகிறோம். எரிமலைத் தீவில் இறங்கி, அங்கு மட்டுமே வாழும் இருவாச்சிப் பறவையைப் படமெடுக்க என்ன செய்ய வேண்டும்? (வாசகர், வேளச்சேரி)

பதில்: இரண்டு தீவுகளை ஒன்றாக நினைத்துவிட்டீர்கள். எரிமலை பாரன் தீவில். இருவாச்சி நார்கொண்டம் தீவில். நடுவே நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான கடல். இரண்டிலுமே சுற்றுலாப் பயணிகள் இறங்க முடியாது.

பழவேற்காட்டிலிருந்து நேர் கிழக்கே வங்கக் கடலில் கோடு இழுத்தால் ஏறக்குறைய நார்கொண்டத்தில் போய் முட்டும். பரப்பு 7 சதுர கி.மீ.கூட இல்லை, உச்சி மட்டும் 710 மீட்டர். இதுவும் எரிமலைத் தீவுதான், ஆனால் அடங்கிவிட்டதால் மேல்வரை காடு. அத்தி வகைப் பழங்களும் பொந்துள்ள முதுமரங்களும்தான் இருவாச்சிக்கு உயிர். ஆணுக்குக் கழுத்து செம்பழுப்பு, பெண்ணுக்குக் கருப்பு. தீவில் காவலுக்கு இருந்த போலீசார் கொண்டுவந்த ஆடுகள் காட்டில் பெருகி மரக்கன்றுகளை மேய்ந்ததால், பின்னர் அவற்றை அகற்ற வேண்டியதாயிற்று. 2012இல் அங்கே ரேடார் வைக்கக் கேட்டபோதும் இந்தப் பறவைக்காகவே சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்தது. ஆகவே அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

பாரன் தீவைக் கப்பலிலிருந்து பார்க்கலாம். ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (போர்ட் பிளேர்) சுமார் 135 கி.மீ. சுமார் 3 கி.மீ. அகலமுள்ள தீவுதான், ஆனால் இரண்டு கிலோமீட்டருக்கும் ஆழமான கடலடியிலிருந்து எழும் மலையின் நுனி அது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் உறங்கி, 1991இல் விழித்தது. எரிமலையைச் சுற்றியுள்ள வட்டப் பாறைச் சுவர் மேற்கில் உடைந்திருக்கிறது. அந்த வாய் வழியாகத்தான் உள்ளே இருக்கும் கருங்கூம்பும் கடல்வரை ஓடி உறைந்த எரிகுழம்பும் தெரியும். காலையில் வெயில் பின்னாலிருந்து வருவதால் படம் வெறும் நிழலாகிவிடும், பிற்பகல் நல்லது. அங்கே ஐந்தரை மணிவாக்கில் இருட்டத் தொடங்குவதையும் கணக்கில் வையுங்கள். நெருப்பு தெரியும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பல நாட்கள் வெறும் புகைதான்.

கப்பல் தினமும் கிடையாது. முதலில் கப்பல் தேதி, பிறகு விமான டிக்கெட். கடல் கொந்தளித்தால் பயணம் ரத்தாகும். கையில் இரண்டு நாள் உபரி வேண்டும். குமட்டல் மாத்திரையை மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, ஏறுவதற்கு முன்பே போடுங்கள். வாந்தி தொடங்கிய பின் போட்டால் வயிற்றில் தங்காது. கப்பலின் நடுப்பகுதியில் ஆட்டம் குறைவு.

இருவாச்சிதான் வேண்டுமென்றால் வால்பாறை போங்கள். சென்னையிலிருந்து இரவு ரயிலில் கோவை, பொள்ளாச்சி வழியாக 40 கொண்டை ஊசி வளைவுகள். பெரிய இருவாச்சியும் மலபார் சாம்பல் இருவாச்சியும் அங்கே உண்டு. பிப்ரவரி கூடுகட்டும் காலம். பெண் பொந்துக்குள் அடைந்திருக்கும், ஆண் பழம் கொண்டுவரும். பழுத்த அத்தி மரத்தடியில் காத்திருங்கள், கூட்டு மரத்தடியில் வேண்டாம். ஆள் நின்றால் ஆண் இரையோடு திரும்பிவிடும். உள்ளே இருப்பவை பட்டினி.