ஒரு லேப்டாப்புக்கு எத்தனை திரை? வடசென்னை கேள்வி பதில்

கேட்பதற்கு முன் ஒன்று: லேப்டாப்பின் முழு மாடல் எண் வேண்டும். "ஐ5, 16 ஜிபி" என்பது மாடல் எண் இல்லை. அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். அழிந்திருந்தால் ஸ்டார்ட் மெனுவில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' திறந்து 'சிஸ்டம் மாடல்' வரியைப் பாருங்கள்.

தண்டையார்பேட்டை: அண்ணா, ஒரே ஒரு எச்டிஎம்ஐ தான் இருக்கு. ரெண்டு மானிட்டர் ஓட்டணும். ஸ்ப்ளிட்டர் போட்டா போதுமா?

போதாது. ஸ்ப்ளிட்டர் ஒரே படத்தை இரண்டு திரையிலும் காட்டும், அவ்வளவுதான். எச்டிஎம்ஐ ஓட்டை ஒன்றிலிருந்து ஒரு படம்தான் வெளியே வரும். இன்னொரு திரைக்கு இன்னொரு வழி வேண்டும்: டைப்-சி, அதுவும் இல்லையென்றால் சாதாரண யூஎஸ்பியில் டிஸ்ப்ளேலிங்க் அடாப்டர் (படத்தை யூஎஸ்பி டேட்டாவாக அனுப்புவது).

பெரம்பூர்: டைப்-சி இருக்குண்ணா. பர்மா பஜார்ல டைப்-சி டு எச்டிஎம்ஐ அடாப்டர் வாங்கி சொருகினேன், 'நோ சிக்னல்'. டூப்ளிகேட் குடுத்துட்டானா?

கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன் லேப்டாப்பைப் பாருங்கள். டைப்-சி என்பது ஓட்டையின் வடிவம் மட்டுமே. உள்ளே டேட்டா மட்டும் போகலாம், சார்ஜ் மட்டும் ஏறலாம், படமும் வரலாம். படம் வர 'டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்' வேண்டும், அதாவது டைப்-சி வழியாகப் படம் அனுப்பும் வசதி. ஓட்டைக்குப் பக்கத்தில் டியும் பியும் சேர்ந்த சின்னமோ, தண்டர்போல்ட்டின் மின்னல் சின்னமோ இருந்தால் படம் வரும். சின்னமே இல்லையென்றால் கம்பெனியின் ஸ்பெசிஃபிகேஷன் பக்கம்தான் கதி.

இரண்டு டைப்-சி உள்ள லேப்டாப்களில் ஒன்றில் மட்டும் படம் வருவதும் உண்டு. மற்றதிலும் செருகிப் பாருங்கள். அடாப்டரைச் சோதிக்க, படம் வரும் என்று உறுதியாகத் தெரிந்த வேறொரு லேப்டாப்பில் போடுங்கள். அங்கே ஓடினால் குறை உங்கள் ஓட்டையில்தான். எந்த விலை அடாப்டரும் அதை மாற்றாது. மானிட்டரிலேயே டைப்-சி இருந்து நேராக இணைப்பவர்களுக்கு: போனோடு வந்த சார்ஜிங் கேபிளில் பெரும்பாலும் படத்துக்கான கம்பிகள் இருக்காது.

ராயபுரம்: சார், மேக்புக் ஏர் எம்2. ரெண்டு எச்டிஎம்ஐ உள்ள டாக் வாங்கினேன். ரெண்டு மானிட்டர்லயும் ஒரே படம். டாக் ரிப்பேரா?

டாக் (ஒரு டைப்-சியைப் பல ஓட்டைகளாக்கும் பெட்டி) நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு தடைகள் இருக்கின்றன, இரண்டும் மேக்கில்.

ஒரே டைப்-சியில் வரும் சிக்னலை இரண்டு தனிப் படங்களாகப் பிரிக்கும் முறைக்கு எம்எஸ்டி என்று பெயர். விண்டோஸ் இதை ஏற்கும். மேக்ஓஎஸ் ஏற்காது, அதனால்தான் நகல் வருகிறது. இரண்டாவது தடை சிப். 2020-இன் எம்1 ஏரும் 2022-இன் எம்2 ஏரும் வெளியே ஒரே ஒரு திரைதான் தரும். எவ்வளவு விலையுள்ள தண்டர்போல்ட் டாக் போட்டாலும் அதே ஒன்று. 2024-இன் எம்3 ஏர் மூடியை மூடிவைத்தால் இரண்டு தரும். 2025-இன் எம்4 ஏர் மூடி திறந்திருந்தாலே இரண்டு தரும்.

உங்களுக்கு மிச்சம் டிஸ்ப்ளேலிங்க். இது கிராபிக்ஸ் சிப்பின் திரைக் கணக்கைத் தொடாமல், படத்தைச் சுருக்கி யூஎஸ்பி டேட்டாவாக அனுப்பும். டாக்கின் பெட்டியில் அந்தப் பெயர் எழுதியிருக்க வேண்டும். டிரைவர் போட்டு, மேக்கின் பிரைவசி அமைப்பில் ஸ்கிரீன் ரெக்கார்டிங் அனுமதி கொடுங்கள். எக்செல், மெயில், கோடிங்குக்குத் தாராளம். கேமுக்கு ஆகாது. காப்புரிமைப் பூட்டுள்ள ஓடிடி படங்கள் கறுப்பாகத் தெரியும்.

வியாசர்பாடி: ஸ்ப்ளிட்டருக்கு பதிலா எச்டிஎம்ஐ ஸ்விட்ச் போட்டா வருமா தல?

வராது. அது இரண்டு கம்ப்யூட்டருக்கு ஒரு திரை. முதல் பதிலைப் படியுங்கள்.

திருவொற்றியூர்: ஹப் வழியா 4கே மானிட்டர் ஓடுது, ஆனா மவுஸ் இழுத்து இழுத்து வருது.

30 ஹெர்ட்ஸில் ஓடுகிறது, அதாவது திரை வினாடிக்கு 30 முறைதான் மாறுகிறது. 'அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே' பகுதியில் பார்த்தால் தெரியும். காரணம் இரண்டில் ஒன்று. ஹப்பின் (டாக் போன்ற சின்னப் பெட்டி) எச்டிஎம்ஐ 1.4 ஆக இருக்கலாம். 4கே 60 ஹெர்ட்ஸுக்கு எச்டிஎம்ஐ 2.0 வேண்டும். அல்லது தடம் போதவில்லை: டைப்-சிக்குள் அதிவேகத் தடங்கள் நான்கு. ஹப் யூஎஸ்பி 3 வேகத்துக்கு இரண்டை எடுத்துக்கொண்டால் படத்துக்கு இரண்டுதான். லேப்டாப் டிஸ்ப்ளேபோர்ட் 1.2 என்றால் அந்த இரண்டில் 4கே 30 வரைதான் போகும், டிஸ்ப்ளேபோர்ட் 1.4 என்றால் 60 போகும். ஹப் வாங்கும்போது பெட்டியில் '4கே' என்பதைப் பார்க்காதீர்கள், '4கே 60 ஹெர்ட்ஸ்' என்று இருக்கிறதா பாருங்கள்.

கொடுங்கையூர்: எதுக்கு இவ்ளோ தலைவலி? 43 இஞ்ச் 4கே டிவி ஒண்ணு மாட்டு, வேலை முடிஞ்சது. நடுவுல கோடும் இல்ல, ஹப்பும் வேணாம்.

கணக்கு சரிதான். 43 அங்குல 4கே என்பது 21.5 அங்குல 1080பி மானிட்டர் நான்கை விளிம்பில்லாமல் ஒட்டியது. அங்குலத்துக்கு 102 புள்ளி, இரண்டிலும் அதேதான். ஆனால்...

புளியந்தோப்பு: சும்மா சொல்லாதீங்க. எங்க ஆபீஸ்ல 32 இஞ்ச் டிவி வெச்சாங்க, எழுத்தெல்லாம் கொழகொழன்னு இருக்கு.

அது பெரும்பாலும் 1366×768 எச்டி ரெடி டிவியாக இருக்கும். அங்குலத்துக்கு 49 புள்ளி; 24 அங்குல 1080பி மானிட்டரில் 92. அதை வைத்து 4கே டிவியைத் தள்ள முடியாது.

கொடுங்கையூர்: அதானே!

புளியந்தோப்பு: 4கே டிவியிலயும் சிவப்பு எழுத்து கலங்குமே, அதுக்கு என்ன சொல்றீங்க?

கலங்கும், நிறத் தகவலைக் குறைத்து வாங்கும் டிவிகளில். பல டிவிகளில் அந்த எச்டிஎம்ஐ இன்புட்டின் பெயரை 'பிசி' என்று மாற்றினால் முழு நிறத்தையும் எடுத்துக்கொள்ளும். ஓரம் வெட்டுப்பட்டால் படத்தின் அளவை 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' ஆக்குங்கள். லேப்டாப் எச்டிஎம்ஐ 1.4 என்றால் இங்கேயும் 30 ஹெர்ட்ஸ்தான், திருவொற்றியூர்க்காரர் நிலைமைதான்.

டிவியின் உண்மையான குறை வேறு. லேப்டாப் தூங்கினால் பல டிவிகள் கூடவே தூங்கி எழாது, ரிமோட்டைத் தேட வேண்டும். மீட்டிங்கில் முழுத் திரையையும் பகிர்ந்தால் எதிரில் இருப்பவருக்கு எழுத்து எறும்பாகத் தெரியும். இரண்டடி ஆழ மேசையில் வைத்தால் கழுத்து திரும்பிக்கொண்டே இருக்கும். பெரிய எக்செல், கோடிங்குக்கு டிவி. நாள் முழுக்க மீட்டிங் என்றால் இரண்டு மானிட்டர். இருவரும் இதோடு நிறுத்துங்கள்.

மணலி: அப்போ அல்ட்ராவைடு?

நடுவழி. அகலமான ஒரே மானிட்டர்: 34 அங்குலம், 3440×1440. ஒரே சிக்னல் என்பதால் ராயபுரம் எம்2-வுக்கும் டிரைவர் இல்லாமல் ஓடும்.

காசிமேடு: மிக்ஸி போட்டா, ஃபேன் ஆஃப் பண்ணா மானிட்டர் ஒரு செகண்ட் கறுப்பாகி திரும்ப வருது.

சுவிட்சில் எழும் மின் இரைச்சல் எச்டிஎம்ஐ கேபிளில் ஏறுகிறது. கேபிளை நல்ல ஷீல்டு உள்ளதாக, நீளம் குறைந்ததாக மாற்றுங்கள். கரன்ட் ஒயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். எலக்ட்ரீஷியனை விட்டு எர்த் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துச் செருகும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். கடற்கரை ஓரத்தில் உப்புக்காற்று பின்னைப் பச்சையாக்கும், அதையும் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையில் வேண்டாம். ஐப்பசி மழையில் தண்ணீர் எங்கே வரும் என்று உங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

மூலக்கடை: ஒரு எச்டிஎம்ஐ-ல ரெண்டு மானிட்டர், ஸ்ப்ளிட்டர்...

தண்டையார்பேட்டை.

கொருக்குப்பேட்டை: ரெண்டும் வந்துடுச்சுண்ணா, ஆனா மவுஸ் வலது பக்கம் போனா இடது மானிட்டர்ல வருது.

டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 'ஐடென்டிஃபை' அழுத்தினால் ஒவ்வொரு திரையிலும் எண் வரும். மேலே உள்ள கட்டங்களை மேசையில் இருக்கும் வரிசைப்படி இழுத்து வைத்து 'அப்ளை' கொடுங்கள். உயரம் வித்தியாசமாக இருந்தால் கட்டத்தையும் மேலே கீழே நகர்த்துங்கள்.