ஆறு மாதக் குழந்தையோடு மதுரை மாவட்டத் திருமங்கலம் பக்கம் குடிவருகிறோம், குடிதண்ணீருக்கு ஆர்.ஓ. மெஷின் மட்டும் வாங்கினால் போதுமா?

போதாது. முனிசிபாலிட்டி குழாயும் போரும் (ஆழ்துளைக் கிணறு) இருக்கிற வீடு என்று சொல்லியிருக்கிறீர்கள். மெஷினுக்குப் பணம் ஒதுக்குவதற்கு முன்னால், குழாய் வீட்டுக்குள் எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள். நான் இந்தப் பக்கம் பிளம்பிங் வேலை பார்க்கிறவன். தண்ணீர் நாறுகிறது, பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை என்று கூப்பிடுகிற வீடுகளில் கோளாறு பெரும்பாலும் வாசலுக்கும் மாடித் தொட்டிக்கும் நடுவில்தான் இருக்கும்.

மதுரையிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் பிரஷர் இல்லாத தெருக்களில் வாசலில் குழி தோண்டி, தரைமட்டத்துக்குக் கீழே குழாயை வைத்திருப்பார்கள். குடத்தைக் குழிக்குள் இறக்கிப் பிடிக்க வேண்டும். அந்தக் குழியை மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். பக்கத்துச் சாக்கடை பொங்கி அதில் கால்வாசி நிற்கும். குழாய் முனையில் ஒரு துணியையோ மரக்கட்டையையோ செருகி வைத்திருப்பார்கள். தண்ணீர் வரும்போது உள்ளிருந்து அழுத்தம் இருப்பதால் அழுக்கு உள்ளே போகாது. சப்ளை நின்றதும் லைனில் மிச்சம் இருக்கிற தண்ணீர் பள்ளத்து வீடுகளை நோக்கி இறங்கும். குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகும். அப்போது குழியில் நிற்பதை அதுவே உறிஞ்சிக்கொள்ளும். அடுத்த முறை தண்ணீர் திறக்கும்போது முதல் குடத்தில் வருவது அதுதான்.

தெருக் குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு இழுப்பது இதைவிட மோசம். சப்ளை ஓடிக்கொண்டிருக்கும்போதே லைனில் அழுத்தம் விழுந்து, எங்கே ஜாயிண்ட் கசிகிறதோ அங்கே சாக்கடை உள்ளே ஏறும். இழுக்கிறவர் வீட்டுக்கு மட்டுமல்ல, அந்தத் தெருவுக்கே. சட்டப்படியும் குற்றம். நீங்கள் பார்த்திருக்கிற வீட்டில் அப்படி ஒரு மோட்டார் இருந்தால் முதல் வேலையாகக் கழற்றச் சொல்லுங்கள். குழாயைக் குழிக்கு வெளியே தூக்க முடியாவிட்டால், சம்புக்குள் (தரையடித் தொட்டி) தானாக விழும்படி லைன் எடுத்து, குழியை மண் போட்டு மூடிவிடலாம். சம்ப் தரைக்குக் கீழே இருப்பதால் குறைந்த பிரஷரிலும் விழும்.

குழாய்த் தண்ணீரில் ப்ளீச்சிங் வாடை அடித்தால் முகம் சுளிக்கிறோம். எனக்கு அந்த வாடை வந்தால்தான் நிம்மதி. வீட்டுக் குழாயில் பிடிக்கும்போது லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை. சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து மருந்து சொட்டு விட்டால் மஞ்சளாக மாறும். தண்ணீர் திறந்துவிடுகிற ஊழியரிடம் கேட்டால் சோதித்துக் காட்டுவார். நிறமே மாறாவிட்டால், காய்ச்சாமல் யாரும் குடிக்க வேண்டாம். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் கிருமி செத்துவிடும்.

ஆனால் போர் தண்ணீருக்குக் காய்ச்சுவது மருந்தல்ல. இங்கே அடியில் பாறை. உப்பும் சுண்ணாம்பும் நாக்குக்கே தெரியும். ஃப்ளோரைடும் நைட்ரேட்டும் தெரியாது. மதுரை மாவட்டத்தில் ஃப்ளோரைடு கூடுதலாக இருக்கிற ஊர்கள் உண்டு. பள்ளிப் பிள்ளைகளின் முன்பல்லில் பழுப்புக் கோடு பார்த்திருப்பீர்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 1.5 வரை என்பது கணக்கு. நைட்ரேட் 45-ஐத் தாண்டவே கூடாது. சாக்கடை, மாட்டுத்தொழுவம், உரம் போட்ட வயல் ஆகியவற்றை ஒட்டிய போரில் அது ஏறும். பால் பவுடர் கரைத்துக் கொடுக்கிற கைக்குழந்தைக்கு அது ரத்தத்தில் ஆக்சிஜனையே குறைத்துவிடும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். இவை இரண்டும் கொதிக்கக் கொதிக்க அடர்த்தியாகுமே தவிரப் போகாது. ஆகவே போர் தண்ணீரை ஒரு முறையாவது சோதிக்கக் கொடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மதுரையில் ஆய்வகம் இருக்கிறது. கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் சுத்தமான பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும், அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

சோதனை முடிவுத் தாள் கைக்கு வந்த பிறகு ஆர்.ஓ. பற்றி முடிவு செய்யுங்கள். உப்பின் மொத்த அளவான டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே இருந்து, ஃப்ளோரைடும் நைட்ரேட்டும் அளவுக்குள் இருந்தால் ஆர்.ஓ. தேவையில்லை; ஃபில்டரும் காய்ச்சுவதும் போதும். விற்க வருகிறவர் உங்கள் தண்ணீரில் இரண்டு கம்பியை விட்டு கரண்ட் கொடுப்பார், அது பழுப்பாகத் திரளும். பயந்துவிடாதீர்கள். கரைவது அவருடைய இரும்புக் கம்பி. உப்பு இருக்கிற தண்ணீரில் கரண்ட் பாயும், ஆர்.ஓ. தண்ணீரில் அவ்வளவாகப் பாயாது, அவ்வளவுதான். கேன் தண்ணீர் வாங்கினால் சீலையும் தேதியையும் பாருங்கள், கேனை வெயிலில் வைக்காதீர்கள்.

சம்புக்கு வருகிறேன். நான் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். மூடியில் சின்ன இடைவெளி இருந்தாலும் டெங்கு கொசு உள்ளே முட்டையிட்டுவிடும்; ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிப் பறக்கும். தொட்டியைக் கழுவிய பிறகு ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் ப்ளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேல் தெளிவை மட்டும் ஊற்றி, அரைமணி நேரம் விடுங்கள். ரொம்ப நாள் மூடிக்கிடந்த சம்புக்குள் உடனே ஆளை இறக்கவே கூடாது. உள்ளே ஆக்சிஜன் குறைந்திருக்கும். விழுந்தவரைத் தூக்கப் போனவரும் விழுவார். மோட்டாரை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, மூடியைத் திறந்து காற்றாட விட்டு, வெளியே இன்னொருவர் நிற்கத்தான் இறங்க வேண்டும். மோட்டார் லைனில் கரண்ட் கசிந்தால் தானே அணைகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் போட்டு, எர்த்தையும் எலக்ட்ரீஷியனிடம் சோதித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பிள்ளை இன்னும் சில மாதத்தில் தவழும், பிறகு நடக்கும். பழைய வீடுகளில் சம்ப் மூடி துருப்பிடித்த தகடாக, கால் பட்டால் நகர்கிற மாதிரி கிடக்கும். கீல் வைத்த கெட்டியான இரும்பு மூடியும் பூட்டும் பக்கத்து வெல்டிங் பட்டறையிலேயே செய்து தருவார்கள். பால் காய்ச்சுவதற்கு முன்பே அதை மாட்டிவிடுங்கள். வீட்டுக்காரர் செலவை ஏற்காவிட்டாலும் நீங்களே செய்துகொள்ளுங்கள்.