முதற்கணக்கிலேயே கை நின்றுவிட்டால்

கேள்வி: ரெண்டாம் தரம் உயர்தரப் பரீட்சை எடுக்கிறன், கணிதப் பிரிவு. வீட்டில பாஸ்ட் பேப்பர் நல்லாச் செய்வன். மண்டபத்தில ஒரு கணக்கு ஓடாவிட்டால், "இந்த முறையும் சரிவராது, அம்மா கட்டின ரியூசன் காசு வீண்" எண்டு மண்டைக்குள்ள ஓடத் தொடங்கிடும். நிறுத்தப் பார்த்தால் இன்னும் கூடுது. - மாணவன், சாவகச்சேரி

பதில்: நிறுத்தப் பார்ப்பதால்தான் தம்பி கூடுகிறது. வெள்ளைக் கரடியை 5 நிமிடம் நினைக்காமல் இருங்கள் என்று டானியல் வெக்னர் என்ற உளவியலாளர் மாணவர்களிடம் சொல்லிப் பார்த்தார். 1987இல் வெளியான ஆய்வு அது. கரடி திரும்பத் திரும்ப வந்தது. ஒன்றை நினைக்கிறோமா என்று காவல் பார்க்கவே அதை நினைக்கவேண்டியிருக்கிறது. கணக்கின் இடைப்படிகளை ஏந்தி வைத்திருக்கும் நினைவாற்றலோ மிகச் சிறியது. கவலையும் அதே இடத்தில் வந்து குந்துவதால், தெரிந்த கணக்கிலும் சக (+) சயவாகிறது (−), ஒரு வரி விடுபடுகிறது. உங்கள் படிப்பில் குறையில்லை.

பேனையை வையுங்கள். இரண்டு பாதமும் நிலத்தில். மூக்கால் 4 எண்ணும்வரை மூச்சை எடுத்து, 6 எண்ணும்வரை விடுங்கள். ஆறு தரம் செய்தால் ஒரு நிமிடம். வெளிமூச்சில் இதயத்துடிப்பு தணியும், அதனால்தான் அதை நீட்டுகிறோம். பலர் விடும் பிழை, அவதிப்பட்டுப் பெரிய பெரிய மூச்சாக எடுப்பது. இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைந்து தலை சுற்றும், விரல் விறைக்கும், பயம் இரட்டிக்கும்.

பிறகு, "சரிவராது என்ற நினைப்பு வந்திருக்கு" என்று மனதுக்குள் ஒரு தரம் சொல்லுங்கள். அதோடு வாதாட வேண்டாம். உடனே தரவுகளை எழுதுங்கள், அல்லது படத்தைக் கீறுங்கள். கை ஓடத் தொடங்கினால் மனம் பின்னால் வரும்.

அப்பவும் ஓடாவிட்டால்? இந்த முடிவை வீட்டிலேயே எடுத்து வையுங்கள். இணைந்த கணிதத்தில் ஒரு வினாத்தாளுக்கு 3 மணித்தியாலம், 1000 புள்ளி. பகுதி அ பத்துக் கேள்வி, ஒவ்வொன்றும் 25. பகுதி ஆவில் ஏழில் ஐந்து, ஒவ்வொன்றும் 150. பங்கிட்டால் சிறு கேள்விக்கு நாலரை நிமிடம், பெரிய கேள்விக்கு 27 நிமிடம். ஆகவே சிறு கேள்வியில் 5 நிமிடம் கொழுவுப்பட்டு நின்றால் வட்டம் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். போனது ஆயிரத்தில் 25. விட மனமில்லாமல் 20 நிமிடம் இருந்தால், ஒரு பெரிய கேள்விக்குரிய நேரத்தில் பாதிக்கு மேல் போய்விடும். வாசிக்கத் தரும் 10 நிமிடத்தில் பகுதி ஆவின் அந்த ஐந்தையும் தெரிவுசெய்து, சுகமானதில் தொடங்குங்கள்.

இதெல்லாம் மண்டபத்தில் தானாக வராது. கிழமைக்கு ஒருநாள், காலையில், போன் இல்லாமல், முழு நேரமும் இருந்து ஒரு பேப்பர் செய்யுங்கள். வேண்டுமென்றே உங்களுக்கு வராத கணக்கில் தொடங்குங்கள். நீங்கள் இதுவரை பழகியது கணக்கை மட்டுமே. தடுக்கி விழுந்து திரும்பி எழும்புவதையும் பழகவேண்டும். தொடங்குமுன் 10 நிமிடம் பயங்களை ஒரு தாளில் எழுதிக் கிழித்துப் போடுவதும் உதவும். பரீட்சைக்கு அஞ்சும் மாணவர்களின் புள்ளி இப்படி எழுதியதால் கூடியதை 2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. இரவுக் கோப்பியை விடுங்கள். 8 மணிக்குக் குடித்ததில் ஏறக்குறையப் பாதி நள்ளிரவு தாண்டியும் உடம்பில் நிற்கும்.

கேள்வி: பேப்பர் முடிஞ்சு வந்த உடன எத்தினை சரி எண்டு மகளிட்டக் கேட்கிறது பிழையோ? - தாய், சுன்னாகம்

பதில்: கடைசிப் பாடம் முடியும்வரை கேட்காதேயுங்கோ அம்மா. பிழைத்துப்போன ஒரு கணக்கு அடுத்த பாடத்துக்குள்ளும் வந்து நிற்கும். "சாப்பிட்டியா, கொஞ்சம் படு" போதும். ஆனால் இரண்டு கிழமையாக நித்திரையும் சாப்பாடும் இல்லாமல், "நான் இருந்து என்ன" என்ற மாதிரிக் கதைத்தால் அதைப் பரீட்சைப் பயம் என்று விட்டுவிடாதேயுங்கோ. யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவு இருக்கிறது. தொலைபேசியில் கதைக்க 1926.