செயின் சோ: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

மரம் அரியும் செயின் சோ பற்றி வன்னியில் இருந்து வந்த கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றை இந்த இதழில் எடுத்திருக்கிறோம். கேள்விகளைச் சுருக்கியிருக்கிறோம்.

கடல் இன்ஜினுக்கு விடுகிற 2ரி ஒயில் வீட்டில் இரண்டு போத்தல் கிடக்கிறது. அதையே செயின் சோவுக்கும் கலக்கலாமா? லீற்றருக்கு எவ்வளவு?
*வாசகர், முல்லைத்தீவு*

கலக்க வேண்டாம். படகு இன்ஜின் தண்ணீரில் குளிர்கிறது. அதற்கென்று செய்த ஒயில் போத்தலில் 'ரி.சி. டபிள்யூ 3' என்று அடித்திருக்கும். செயின் சோவைக் குளிர்விப்பது காற்று மட்டும்தான். அதன் சிலிண்டர் சூட்டுக்குக் கடல் ஒயில் தாக்குப்பிடிக்காது. கரியாகிப் பிஸ்டன் ரிங்கில் ஒட்டும், ரிங் இறுகும், பிறகு இழுத்தாலும் இன்ஜினுக்குப் பலம் இருக்காது. காற்றில் குளிரும் இன்ஜினுக்கான, 'ஜாசோ எஃப்.டி.' தரம் அச்சிட்ட ஒயிலை வாங்குங்கள். மண்ணெண்ணெய் கலக்கும் பழக்கமும் கடலோடு நிற்கட்டும்.

அளவு: தரமான ஒயில் என்றால் 50க்கு 1. அதாவது ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர், 5 லீற்றருக்கு 100 மில்லிலீற்றர். சாதாரண 2ரி ஒயில்தான் கிடைக்கிறது என்றால் 25க்கு 1, லீற்றருக்கு 40 மில்லிலீற்றர். மெசினோடு வந்த கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. மூடியால் அளப்பது, கண் மட்டத்துக்கு ஊற்றுவது எல்லாம் வேண்டாம். மருந்துக் கடையில் 20 மில்லி சிரிஞ்ச் வாங்கி அதற்கென்றே வையுங்கள். கானில் முதலில் பாதிப் பெற்றோல், பிறகு ஒயில், நன்றாகக் குலுக்கி, மிச்சப் பெற்றோல். ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. தாங்கியில் ஊற்றும் ஒவ்வொரு முறையும் கானைக் குலுக்க வேண்டும்.

ஒயில் கலக்காத பெற்றோல் ஒரு தடவை போனாலே போதும். அப்படி ஓடியதா என்று சந்தேகம் இருந்தால் சைலன்சரைக் கழற்றி, அந்த ஓட்டையூடாகப் பிஸ்டனை ரோர்ச் அடித்துப் பாருங்கள். பிஸ்டன் பக்கவாட்டு வழுவழுப்பாக இருந்தால் நல்லது. மேலிருந்து கீழாகக் கீறல் கீறலாக இருந்தால் பிஸ்டன், சிலிண்டர் இரண்டும் போய்விட்டன. ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பது வீண்.

காணியில் நின்ற பழைய மாமரத்தை அரிந்தபோது பொறி பறந்தது. செயினில் ஏழெட்டுப் பல் முனை போய்விட்டது. உள்ளே ஒரு செல் துண்டு. அரிய முன்னமே இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா? அந்தச் செயினைத் திரும்பப் பாவிக்கலாமா?
*வாசகர், ஒட்டுசுட்டான்*

போர் முடிந்த 2009க்கு முன்னர் நின்ற எந்த மரத்தையும் உள்ளே இரும்பு இருக்கலாம் என்று எண்ணித்தான் அணுக வேண்டும். செல் துண்டு, ரவை மட்டுமல்ல, முள்ளுக்கம்பி அடித்த ஆணியும் உண்டு.

மரம் நுனியில்தான் உயர்கிறது, அடிமரம் பக்கவாட்டில்தான் பருக்கிறது. அதனால் 1 மீற்றர் உயரத்தில் பாய்ந்த துண்டு இன்றைக்கும் 1 மீற்றர் உயரத்தில்தான் இருக்கும், ஆனால் இத்தனை வருடம் வளர்ந்த மரத்துக்கு உள்ளே மூடுண்டு போயிருக்கும். வெளியே தெரிகிற அடையாளம் பட்டையில் உள்ள தழும்பு, உதடு போலத் தடித்த வீக்கம், ஒரே இடத்தில் பிசின் வடிதல். கோடரியால் அந்த இடத்துப் பட்டையைச் செதுக்கிப் பாருங்கள். அரியத் தொடங்கிய பிறகு தூளின் நிறத்தைக் கவனியுங்கள். இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்தால் நீலக் கறுப்பாகக் கறை பிடிக்கும். வெள்ளையாகவோ மஞ்சளாகவோ வந்த தூள் மை பட்டதுபோல் மாறினால் அந்த இடத்தில் மேலே போகாதீர்கள், ஒரு முழம் தள்ளி அரியுங்கள். சிறிய கையடக்க உலோகம் காட்டும் கருவி உதவும், ஆனால் அது மேலாக இருப்பதை மட்டும்தான் காட்டும்.

பனை வேறு மாதிரி. பனைக்கு மாமரம்போல் பருத்து மூடும் வளர்ச்சி இல்லை. பட்ட ஓட்டை ஓட்டையாகவே கிடக்கும். சுற்றிவந்து கண்ணால் தேடினாலே பெரும்பாலும் அகப்படும்.

இப்படியான மரத்துக்கென்று தேய்ந்த செயின் ஒன்றை ஒதுக்கி வையுங்கள். பொறி தெரிந்த உடனே அக்சிலேற்றரை விடுங்கள். அமர்த்தினால் பல் மட்டுமல்ல, செயினின் இணைப்பும் வெடிக்கும், அறுந்த செயின் சவுக்குப்போல் வரும்.

பழைய செயினைக் காப்பாற்ற, முதலில் ஆகவும் மோசமான பல்லைத் தேடுங்கள். அதன் உடைந்த முனை முழுவதும் தேய்ந்து, விளிம்பில் வெள்ளைப் பளபளப்பு இல்லாமல் போகும்வரை அராவுங்கள். மற்ற எல்லாப் பல்லையும் அதே நீளத்துக்குக் கொண்டுவாருங்கள். அப்போது பல்லின் நீளம் 4 மில்லிமீற்றருக்குக் குறைகிறது என்றால், அல்லது இணைப்பில் மயிரளவு வெடிப்புத் தெரிகிறது என்றால், எறிந்துவிடுங்கள்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். துண்டு அல்லாமல் முழு உருவத்தோடு வெடிபொருள் ஏதாவது கிளைக் கவரிலோ வேரடியிலோ தெரிந்தால் இன்ஜினை நிற்பாட்டுங்கள். தொட வேண்டாம், தட்ட வேண்டாம். வந்த தடத்திலேயே திரும்பிப் போய் 119க்குச் சொல்லுங்கள். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் காணிக்குள் விறகுக்கென்றும் போகக் கூடாது. துப்புரவாக்கியது என்று உறுதி இல்லாத நிலத்தில் அடிக்கட்டைக்கு நெருப்பு வைப்பதும் கூடாது.

பாலை அரியும்போது வெட்டு வளைந்து போகிறது. தூளும் மாவாய் வருகிறது. நான் ஒவ்வொரு நாளும் அரம் பிடிக்கிறேனே?
*வாசகர், நெடுங்கேணி*

இரண்டு பிழை சேர்ந்திருக்கிறது. மாவாய் வந்தால் செயின் மொட்டை. நன்றாக அரிகிற செயின் துருவல்போலத் தடித்த செதிலாகத் துப்பும். வெட்டு வளைந்தால் இடப்பக்கப் பல்லும் வலப்பக்கப் பல்லும் ஒரே அளவில் இல்லை. நீளமாக, கூராக நிற்கிற பக்கத்துக்கு மெசின் இழுக்கும். வலக்கைக்காரர் ஒரு பக்கத்தை நன்றாக அமர்த்தி, மறுபக்கத்தை ஏனோதானோ என்று அராவுவதால் வருகிற கோணல் இது.

முதலில் அரத்தின் பருமன். அது செயினின் பிட்சைப் (இணைப்புகளின் இடைவெளி, அங்குலக் கணக்கு) பொறுத்தது. பிட்ச், செயின் ஓடும் பிளேட்டின் பின்பக்கத்திலோ பல்லின் முன்முள்ளிலோ அடித்திருக்கும். சிறு மெசினின் 3/8 லோ புரொபைலுக்கு 4.0 மி.மீ. உருண்டை அரம், 0.325க்கு 4.8, பெரிய 3/8க்கு 5.2 (சில கம்பனிச் செயினுக்கு 5.5), 0.404க்கு 5.5. பருமன் மாறினால் எவ்வளவு அராவினாலும் கூர் ஏறாது.

அடிக்கட்டை ஒன்றில் ஆழமாக ஒரு வெட்டுப் போட்டு, இன்ஜினை நிற்பாட்டி, பிளேட்டை அதற்குள் இறுக்கிவிடுங்கள். காட்டில் அதுதான் வைஸ். செயின் பிரேக்கைப் போட்டு, ஆகவும் குட்டையான பல்லுக்குச் சோக்கட்டியால் அடையாளம் வையுங்கள். அதுவே அளவு. பல்லின் மேற்பக்கத்தில் இருக்கிற கோட்டுக்கு நேராக, 30 பாகைச் சரிவில், உள்ளிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். இழுக்கும்போது அரம் பல்லில் படக் கூடாது, பட்டால் அரமும் போகும் கூரும் போகும். அரத்தின் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்மட்டத்துக்கு மேலே தெரிய வேண்டும். பல்லுக்கு மூன்று நான்கு தள்ளு, எண்ணித் தள்ளுங்கள். ஒரு பக்கப் பல்லெல்லாம் முடித்துவிட்டு, மெசினின் மறுபக்கம் போய் அதே எண்ணிக்கை.

பலர் மறப்பது பல்லுக்கு முன்னால் நிற்கிற சின்ன முள். பல் எவ்வளவு ஆழம் கடிக்க வேண்டும் என்று தீர்மானிப்பது அதுதான். பல் தேயத் தேய முள் உயர்ந்து நிற்கும், பிறகு கூர் இருந்தும் கடிக்காது. மூன்று நான்கு தடவை அராவினதும் கேஜ் (அளவுத் தகடு) வைத்துப் பார்த்து, பல்லைவிட 0.65 மி.மீ. தாழ்வாகத் தட்டை அரத்தால் இறக்குங்கள். அவசரப்பட்டு ஒரேயடியாக இறக்கினால் மெசின் திமிறும், உதைக்கும். அது மொட்டைச் செயினைவிட மோசம்.

பாலை தண்ணீரில் தாழ்கிற மரம். காய்ந்த பாலைக்கு ஒவ்வொரு தாங்கி பெற்றோலுக்கும் ஒருமுறை அரம் தொட வேண்டும். கூர் இல்லாத மெசினைத் தோளால் அமர்த்துகிற ஆள்தான் வெட்டு முடிகிற நொடியில் முன்னால் விழுகிறார். இதை நாங்கள் அடிக்கடி சொல்வது அதனால்தான்.

பல் சமன் செய்தும் வளைந்தால் பிளேட்டைக் கழற்றி, அதன் இரண்டு விளிம்பும் ஒரே உயரமா என்று ஒரு நேரான கம்பி வைத்துப் பாருங்கள்.

விழுந்து கிடந்த முதிரையில் கிளை தறிக்கும்போது மெசின் முகத்துக்கு நேரே எழும்பியது. பிரேக் பிடித்ததால் தப்பினேன். நான் செய்த பிழை என்ன?
*வாசகர், மாங்குளம்*

பிளேட் நுனியின் மேல் கால்பங்கு பின்னால் இருந்த வேறொரு கிளையில் பட்டிருக்கும். செயின் அந்த இடத்தில் முன்னோக்கிக் கீழே சுற்றுகிறது. அங்கே பல் கடித்தால் பிளேட் மேலும் பின்னுமாக உங்களிடமே திரும்பும். கண் இமைக்கும் முன் முடிந்துவிடும், கையால் தடுக்க நேரம் இல்லை. ஆகவே நுனி எங்கே இருக்கிறது என்பதை எந்த நேரமும் பார்த்தபடி அரிய வேண்டும். இலை மூடியிருக்கும் கவரைக் கத்தியால் வெளியாக்கிவிட்டுப் பிறகு மெசினை வையுங்கள்.

இடக்கைப் பெருவிரல் முன்கைப்பிடியைச் சுற்றிக் கீழே வர வேண்டும். மற்ற விரல்களோடு மேலே கிடந்தால் உதைக்கும்போது கை கழன்றுவிடும். தலை பிளேட்டின் நேர்கோட்டில் இருக்கக் கூடாது, இடப்பக்கம் விலகியே நில்லுங்கள். தோளுக்கு மேலே அரியாதீர்கள், ஏணியில் நின்று அரியவே கூடாது. சாரத்தோடும் செருப்போடும் மெசின் பிடிப்பதை இன்னமும் காண்கிறோம். தயவுசெய்து வேண்டாம். சாரத்தின் தொங்கல் செயினுக்குள் போனால் காலையும் கூட இழுக்கும். தடித்த ஜீன்ஸ், சப்பாத்து, கண்ணாடி, காதடைப்பு என்பது ஆகக் குறைந்தது. செயின் சோவுக்கென்று நார் வைத்துத் தைத்த காற்சட்டை வாங்க முடிந்தால் அதற்கு ஈடு இல்லை.

உங்களைக் காப்பாற்றிய பிரேக்கைத் தினமும் சோதியுங்கள். மெசினைத் தரையில் உறுதியாகப் பிடித்து, வேகமாக ஓடும்போது இடது மணிக்கட்டால் முன்தடுப்பைத் தள்ளுங்கள். செயின் உடனே நிற்க வேண்டும். கொஞ்சம் ஓடி நின்றால் மெசினின் பக்க மூடிக்குள் தூளும் ஒயிலும் அடைத்திருக்கும், அல்லது பிரேக் பட்டி தேய்ந்திருக்கும். ஸ்டார்ட் பண்ணும்போதும் பிரேக் போட்டிருக்க வேண்டும், மெசின் தரையில், வலது சப்பாத்து நுனி பின்கைப்பிடிக்குள்.

விழுந்த மரத்தில் பிளேட் சிக்குவதும் இதோடு சேர்ந்தது. இரண்டு முனையும் தாங்கலில் கிடக்கும் கட்டை மேலே நெரிபடும், கீழே இழுபடும். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அரிந்து, மிச்சத்தைக் கீழிருந்து அரியுங்கள். ஒரு முனை அந்தரத்தில் நின்றால் மறுதலை: முதலில் கீழே, பிறகு மேலே. வெட்டுக்குள் மர ஆப்போ பிளாஸ்ரிக் ஆப்போ வையுங்கள், இரும்பு ஆப்பு வேண்டாம்.

செயினுக்கு வாகனத்தின் கழிவு ஒயில் விடலாமா?
*வாசகர், கிளிநொச்சி*

வேண்டாம். இன்ஜின் தேய்ந்த இரும்புத் தூள் அதில் இருக்கிறது, ஒயில் பம்பைத் தின்னும், உங்கள் தோலுக்கும் கூடாது. செயின் ஒயில் கிடைக்காவிட்டால் புதிய எஸ்.ஏ.இ. 30 ஒயில் விடுங்கள். ஒரு தாங்கி பெற்றோல் முடியும்போது ஒயில் தாங்கியும் ஏறக்குறையக் காலியாக வேண்டும். ஒயில் குறையாமல் அப்படியே இருந்தால் பிளேட்டின் ஒயில் துளை அடைத்திருக்கும், மெல்லிய கம்பியால் எடுங்கள். வெள்ளை அடிக்கட்டைக்கு மேலே நுனியைத் தொடாமல் பிடித்து ரேஸ் பண்ணினால் ஒயில் கோடாகத் தெறிக்க வேண்டும்.

அக்சிலேற்றரில் இருந்து கையை எடுத்தும் செயின் சுற்றிக்கொண்டே இருக்கிறது.
*வாசகர், துணுக்காய்*

சுலோ ஸ்குறூவை (அக்சிலேற்றரை விட்டபின் இன்ஜின் ஓடும் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது) சிறிது சிறிதாக இடப்பக்கம் திருப்புங்கள். செயின் நின்று, இன்ஜின் மட்டும் ஓட வேண்டும். இன்ஜின் நிற்கும் அளவுக்குக் குறைத்தும் சுற்றினால் கிளச் ஸ்பிரிங் போயிருக்கும், மாற்றும்வரை மெசினை எடுக்காதீர்கள்.

வீட்டுக் காணியில் நிற்கும் பனை இரண்டை விழுத்த அனுமதி தேவையா?
*வாசகர், பரந்தன்*

பெண் பனை என்றால் தேவை. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றையும் சொந்தக் காணியில் என்றாலும் அனுமதி இல்லாமல் தறிக்கக் கூடாது. கிராம அலுவலரிடம் தொடங்கிப் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். மரத்தை ஏற்றிப் போகவும் தனி அனுமதி கேட்பார்கள்.

விழுத்தும்போது மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது. விழும் பக்கம் விட்டத்தின் நான்கில் ஒரு பங்கு வாய் வெட்டு, பின்வெட்டு அதைவிடச் சிறிது உயரத்தில், நடுவே பத்தில் ஒரு பங்கு அரியாமல் விடுங்கள். பனைக்கு வைரம் வெளிப்பக்கத்தில்தான், நடு சோத்தி. அதனால் வெளியோரம் இரண்டு பக்கமும் சமமாக மிஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள். மரம் அசைந்ததும் பின்பக்கச் சாய்வாக விலகிப் போங்கள். சோளகம் அடிக்கிற நாளில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

மாரி முழுக்க மெசினுக்கு வேலை இல்லை. எப்படி வைப்பது?
*வாசகர், புதுக்குடியிருப்பு*

தாங்கியை வடித்து, காபரேற்றரில் மிஞ்சியதும் தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். எயார் பில்ரரைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி முழுதாகக் காயவைத்துப் போடுங்கள். சிலிண்டர்ச் செட்டைகளுக்கு இடையில் இறுகிய தூளைப் பழைய பல்லுத் தூரிகையால் எடுங்கள். பிளக் இடைவெளி 0.5 மி.மீ. செயினைத் தளர்த்தி ஒயில் பூசுங்கள், பிளேட்டை மேல்கீழாக மாற்றிப் போடுங்கள், நுனிச் சில்லுக்குக் கிறீஸ் அடியுங்கள். இரண்டு செயின் தேய்ந்திருந்தால் மூன்றாவதோடு கிளச் பக்கத்துச் சில்லையும் மாற்றுங்கள். பழைய சில்லு புதுச் செயினை ஒரு கிழமையில் இழுத்துவிடும்.