அயனிப் பாடம் புரியவில்லை என்று துறை மாற வேண்டாம்

நினைவு, நடத்தை பிடித்துப்போய் நரம்பறிவியலில் சேர்ந்தீர்கள், இரண்டாம் பருவத்தில் ஆக்‌ஷன் பொட்டென்ஷியல் (நரம்புச் செல்லில் ஓடும் மின் துடிப்பு) வந்ததும் படம் மட்டும் மனப்பாடம், ஒன்றும் புரியவில்லை, உளவியலுக்கே மாறிவிடலாமா என்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். எனக்கும் அதே இடத்தில்தான் சிக்கியது.

படத்தை மூடி வையுங்கள். ஒரு தாளில் இரண்டு கிடைக்கோடுகள் போடுங்கள்: கீழே −90 மில்லிவோல்ட், அது பொட்டாசியத்தின் சமநிலை (அந்த அயனி உள்ளே போவதும் வெளியே வருவதும் சமமாகும் மின்னழுத்தம்), மேலே ஏறக்குறைய +60, அது சோடியத்தினுடையது. செல்லின் சவ்வில் எந்த அயனிக்குக் கதவு அதிகம் திறந்திருக்கிறதோ, செல்லின் மின்னழுத்தம் அதன் கோட்டை நோக்கி நகரும். ஓய்வில் பொட்டாசியத்தின் கை ஓங்கியிருப்பதால் −70 பக்கம் நிற்கிறது. சோடியம் கதவுகள் திறந்ததும் மேலே பாய்கிறது. சுமார் ஒரு மில்லிவினாடியில் அவை அடைத்துக்கொள்ள, பொட்டாசியம் கதவுகள் கூடுதலாகத் திறந்து கீழே இழுக்கின்றன. அவ்வளவுதான். அப்புறம் ஒன்று: ஒரு துடிப்பில் உள்ளே போகும் சோடியம் மிகக் கொஞ்சம், செறிவு மாறிவிடுவதில்லை. பலர் குழம்புவது இங்கேதான்.

ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் கணவாய் மீனின் தடித்த நரம்பிழையில் அளந்து 1952-இல் இதை வெளியிட்டார்கள்.

சரி, நினைவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? நினைவுகள் உருவாக உதவும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸில், என்எம்டிஏ ஏற்பி என்ற புரதக் கதவின் வாயை ஒரு மெக்னீசியம் அயனி அடைத்துக்கொண்டிருக்கும். பக்கத்து நரம்புச் செல் அனுப்பும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் வந்தால் மட்டும் போதாது. செல்லின் மின்னழுத்தமும் உயர்ந்தால்தான் அந்த மெக்னீசியம் விலகி, கால்சியம் உள்ளே வரும். இரண்டு நிகழ்வுகள் ஒன்றாக நடந்தன என்று ஒரு மூலக்கூறே கவனிக்கிறது! நீங்கள் தேடி வந்த கற்றல் அங்கேதான் தொடங்குகிறது.

அந்த இரண்டு கோடுகளை இன்றே போட்டுப் பாருங்கள். எங்கே நின்றீர்கள் என்று எழுதுங்கள், அங்கிருந்து பார்ப்போம்.