கிலோ ஓமைப் பார்த்து பிக்கப் வாங்கலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

என்னிடம் இருப்பது ஸ்ட்ராட் வடிவ கிட்டார். தந்தியின் அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் பிக்கப்கள் மூன்று: நெக்கிலும் நடுவிலும் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்), பிரிட்ஜில் ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்). டிஸ்டார்ஷன் போட்டு பிரிட்ஜ் பிக்கப்பில் கார்டு அடித்தால் எல்லாம் குழைந்துவிடுகிறது, சுரங்கள் பிரிந்து கேட்பதில்லை. மாற்றுவதற்காகத் தேடியதில் மூன்று கண்ணில் பட்டன: செய்மர் டங்கன் 59 (8 கிலோ ஓம்), டிமார்ஸியோ சூப்பர் டிஸ்டார்ஷன் (13-க்கு மேல்), டங்கன் ஜேபி (16). எண் கூடினால் சக்தியும் கூடும் என்கிறார்கள். அப்படியானால் ஜேபியே வாங்கிவிடலாமா? இன்னொரு சந்தேகம். நண்பர் வாங்கிய 59-இன் விவரத்தில் 8.1 என்று இருக்கிறது, மல்டிமீட்டரில் 8.4 காட்டுகிறது. அது போலியா?

எம்., கோவை

அன்புள்ள எம்.,

நீங்கள் சொல்லும் குறைக்கு ஜேபி சரிவராது. அருமையான பிக்கப்தான், ஆனால் குழைகிற ஒலியை அது தெளிவாக்காது.

கிலோ ஓம் என்பது காயிலின் தடை. எவ்வளவு நீளக் கம்பி, அது எவ்வளவு மெல்லியது என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்லாது. ஒலியின் வலு என்பது சுற்றுகளின் எண்ணிக்கை, காந்தம், தந்திக்கும் காந்தத்துக்கும் உள்ள தூரம் ஆகிய மூன்றிலிருந்து வருகிறது. கேஜ் எண் கூடக் கூட கம்பி மெல்லியது. 42 கேஜ் செம்புக் கம்பியின் தடை மீட்டருக்கு ஏறக்குறைய 5.4 ஓம், 44 கேஜுக்கு 8.7. அதே எண்ணிக்கைச் சுற்றை 44-இல் சுற்றினால் தடை அறுபது சதவீதம் ஏறும், ஒலி அப்படியே இருக்கும். 59-ஐ 42-இல் சுற்றுகிறார்கள், ஜேபியை 44-இல். ஆகவே 16 என்பது 8-இன் இரு மடங்கு சக்தி இல்லை. ஜேபி வலுவானதுதான், ஆனால் அந்த எண் காட்டும் அளவுக்கு அல்ல. டெலிகாஸ்டரின் நெக் பிக்கப்பை 43 கேஜில் சுற்றுவது வழக்கம். அதன் தடை பிரிட்ஜ் பிக்கப்புக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தாலும் ஒலி மென்மையாகத்தான் வரும்.

கேட்டு வாங்க வேண்டிய எண் இண்டக்டன்ஸ், அதாவது ஹென்றி கணக்கு. பிக்கப்பின் இண்டக்டன்ஸும் கேபிளின் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்து ஓர் அலைவரிசையில் முகட்டை எழுப்பும். அதற்கு மேலே உள்ளவை வேகமாகச் சரியும். ஐந்து மீட்டர் கேபிளுக்கு 500 பிகோ ஃபாரட், பிக்கப்பின் சொந்தக் கணக்கில் 100 என்று வைத்துக்கொள்வோம். 2.4 ஹென்றி உள்ள ஸ்ட்ராட் சிங்கிள் காயிலுக்கு முகடு 4,200 ஹெர்ட்ஸ் பக்கம் விழும். 59 வகை ஹம்பக்கர் 4.5 ஹென்றியை ஒட்டி இருக்கும், முகடு 3,100 பக்கம். ஜேபி 8 ஹென்றி அளவு, முகடு 2,300-க்கு இறங்கிவிடும். பிளெக்ட்ரம் தந்தியைத் தொடும் கூர்மை கேட்பதெல்லாம் இந்த 2,500-க்கு மேலான பகுதியில்தான். அங்கே சரிந்துவிட்டு, கீழ் நடுப்பகுதி தூக்கலாக டிஸ்டார்ஷனுக்குள் போனால், சுரங்கள் ஒன்றோடொன்று கலந்து எழும் உபரி ஒலிகள் பெருகும். நீங்கள் குழைவு என்று சொல்வது பெரும்பாலும் இதுதான்.

சூப்பர் டிஸ்டார்ஷன் 1970-களின் தொடக்கத்தில் வந்தது. அன்றைய வால்வ் ஆம்ப்களில் கெயின் (சமிக்ஞையைப் பெருக்கும் அளவு) குறைவு. முதல் வால்வையே திணறவைக்க வலுவான பிக்கப் தேவைப்பட்டது, செராமிக் காந்தத்தோடு அதை அவர்கள் செய்தார்கள். இன்றைய ஆம்பிலும் பெடலிலும் கெயினுக்குப் பஞ்சமே இல்லை. அதனால் சக்திக்காக பிக்கப் மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. தெளிவுக்காக மாற்றுங்கள்.

நண்பரின் 8.4 போலி என்பதற்குச் சான்று ஆகாது. செம்பின் தடை ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும். 20 டிகிரியில் 8.1 காட்டுவது 30 டிகிரியில் 8.4 காட்டும். நம்மூர் மதிய வெயிலில் அளந்தால் அதற்கும் மேலே போகும். மறுபக்கம், கிட்டாரில் மாட்டிய பிறகு ஜாக் வழியாக அளந்தால் வால்யூம் பாட் (ஒலியளவைத் திருகும் மாறுதடை) பக்கவாட்டில் சேர்வதால் எண் சற்றுக் குறையும். 500 கே பாட்டோடு 8.4 என்பது 8.26 ஆகத் தெரியும்.

பணம் செலவழிக்கும் முன் இரண்டைப் பாருங்கள். முதலில் உயரம். முதல் தந்தியையும் ஆறாம் தந்தியையும் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, தந்தியின் அடிப்பகுதிக்கும் பிக்கப் முனைக்கும் இடைவெளியை அளவுகோலால் அளந்து பாருங்கள். ஹம்பக்கருக்கு தடித்த தந்திப் பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய பக்கம் 1.6 மி.மீ. நல்ல தொடக்கம். தடித்த பக்கத்தைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று இறக்கிக்கொண்டே வாசித்துப் பாருங்கள். குழைவில் பாதி அதிலேயே போய்விடலாம். சிங்கிள் காயிலுக்கு 2.4, 2.0 போதும். அதற்கும் கிட்டக் கொண்டுபோனால் காந்தம் தந்தியை இழுத்து, பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேலே சுரம் தள்ளாடும்.

அடுத்தது பாட். பிக்கார்டைக் கழற்றினால் பாட்டின் மேல் 250 அல்லது 500 என்று அச்சிட்டிருக்கும். ஹம்பக்கருக்கு 500 கே, சிங்கிள் காயிலுக்கு 250 கே என்பது வழக்கம். உங்கள் கிட்டாரில் 250 இருந்தால் ஹம்பக்கரின் முகடு மழுங்கிப்போயிருக்கும். 500 கே வால்யூம் பாட் போட்டுவிட்டு, ஒவ்வொரு சிங்கிள் காயிலின் ஹாட் வயர் (சமிக்ஞையை எடுத்துச் செல்லும் கம்பி) சேரும் சுவிட்ச் காலிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 470 கே ரெசிஸ்டரை இணையுங்கள். சிங்கிள் காயிலுக்கு அது ஏறக்குறைய 242 கே பாட் போலத் தெரியும், ஹம்பக்கர் மட்டும் ஒலிக்கும்போது 500 அப்படியே கிடைக்கும். நெக்கும் நடுவும் சேர்ந்த நிலையில் இரண்டு ரெசிஸ்டரும் சேர்ந்து 160 கே ஆகிவிடும், அந்த நிலை கொஞ்சம் மிருதுவாகும். அது பிடிக்காவிட்டால் ஒன்றை எடுத்துவிடுங்கள். விலை குறைந்த கிட்டார்களில் சிறிய பாட் இருக்கும், முழு அளவு பாட்டுக்கு பிக்கார்ட் துளையைப் பெரிதாக்க வேண்டிவரும். முதலில் சுழல்தண்டின் கழுத்தை அளந்துகொள்ளுங்கள்.

இரண்டுக்கும் பிறகும் திருப்தி இல்லையென்றால் 59-இன் பிரிட்ஜ் மாடலை வாங்குங்கள். பிரிட்ஜ் பிக்கப்புக்கு நேர் மேலே முதல் தந்தியின் நடுவிலிருந்து ஆறாம் தந்தியின் நடு வரை அளங்கள். 50 மி.மீ. பக்கம் வந்தால் சாதாரண அளவு, 52-53 வந்தால் டங்கனில் ட்ரெம்பக்கர், டிமார்ஸியோவில் எஃப் ஸ்பேஸ் என்று கேட்க வேண்டும். மெழுகில் முக்காத பிக்கப்பை நீங்கள் போடும் கெயினுக்கு வாங்காதீர்கள், கீச்சிடும்.

வயரில்தான் பலர் தடுமாறுகிறார்கள். டங்கனில் கறுப்பு ஹாட், பச்சையும் உறையில்லாத கம்பியும் கிரவுண்டு, சிவப்பையும் வெள்ளையையும் ஒன்றாகச் சேர்த்து ஈயம் வைத்து டேப் சுற்ற வேண்டும். டிமார்ஸியோவில் சிவப்பு ஹாட், கறுப்பும் வெள்ளையும் சேரும், பச்சையும் வெறுங்கம்பியும் கிரவுண்டு. ஒரு கம்பெனியின் படத்தை வைத்துக்கொண்டு மற்றதை இணைத்தால் ஒரு காயில் மட்டும் பாடும், அல்லது இரண்டு காயிலும் எதிரெதிராகி ஒலி சன்னமாகிவிடும்.

ஈயம் வைக்கும் முன் ஃபேஸ், அதாவது இரண்டு பிக்கப்பின் சமிக்ஞையும் ஒரே திசையில் போகிறதா என்று பார்த்துவிடுங்கள். மீட்டரை 20 கே ஓமில் வைத்து, சிவப்பு முனையை ஹாட்டிலும் கறுப்பை கிரவுண்டிலும் கொடுங்கள். இரும்பு ஸ்க்ரூடிரைவரை பிக்கப் முனைகள் மேல் படுக்க வைத்து வெடுக்கென்று எடுங்கள். எண் ஒரு கணம் ஏறும் அல்லது இறங்கும். நடு பிக்கப்பையும் இதேபோல் சோதியுங்கள். இரண்டும் ஒரே திசையில் நகர வேண்டும். எதிரெதிராக நகர்ந்தால் சுவிட்சின் இரண்டாவது நிலையில் (பிரிட்ஜும் நடுவும் சேர்ந்தது) ஒலி சன்னமாக, உள்ளீடற்றதாக வரும். டங்கனில் பச்சையையும் கறுப்பையும் இடம் மாற்றினால் போதும். வெறுங்கம்பி மட்டும் எப்போதும் கிரவுண்டிலேயே இருக்கட்டும்.

ஒப்பிடுவதற்கு நினைவை நம்ப வேண்டாம். பழையதைக் கழற்றும் முன், ஆம்பே இல்லாமல் நேராக ஆடியோ இன்டர்ஃபேஸில் ஒரே ரிஃப்பைப் பதிவு செய்யுங்கள். மாற்றிய பிறகு அதே ரிஃப், அதே கேபிள், அதே பிளெக்ட்ரம், இரண்டு முறையும் புதுத் தந்தி. இரண்டு பதிவுகளின் சத்தத்தையும் சமமாக்கிவிட்டு, ஒரே ஆம்ப் மென்பொருள் வழியாகக் கேளுங்கள். சமமாக்காவிட்டால் உரத்தது எதுவோ அதுவே நல்லது என்று காது சொல்லிவிடும். பழைய பிக்கப்பின் வயரை வெட்டாமல் ஈயத்தை உருக்கியே எடுங்கள். பதிவில் பழையதுதான் பிடித்திருக்கிறது என்றால் திரும்ப மாட்ட அந்த நீளம் தேவைப்படும்.