முடியாத வேலையை மனத்தில் சுமக்காதீர்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: குடியாத்தத்திலிருந்து தினமும் ரயிலில் ஆம்பூர் சென்று, அங்கே ஒரு காலணித் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். காலை ஐந்து மணிக்கு எழுந்து இரவு பத்து மணி வரை உழைத்தும் எண்ணிய வேலைகளில் பாதிகூட முடிவதில்லை. படுத்த பிறகும் விட்டுப்போனவை ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து உறக்கத்தைக் கெடுக்கின்றன. கைப்பேசிச் செயலிகளைப் பயன்படுத்திப் பார்த்தும் பலனில்லை. என்ன செய்வது?
– வாசகி, குடியாத்தம்

பதில்: சகோதரி, உங்கள் உழைப்பில் குறையில்லை. எல்லா வேலைகளையும் ஒரே சமயத்தில் மனத்தில் சுமப்பதுதான் உங்களைக் களைப்படையச் செய்கிறது. மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், முடிக்காமல் விட்ட வேலை, நாம் வேறொன்றைப் படித்துக்கொண்டிருக்கும்போதும் குறுக்கிடுவதைக் கண்டனர்; ஆனால் அதை எப்போது, எப்படிச் செய்யப்போகிறோம் என்று தெளிவாகத் திட்டமிட்டவர்களுக்கு, வேலை முடியாத நிலையிலேயே அந்தக் குறுக்கீடு குறைந்தது. ஆகவே ‘வரி வேலை’ என்று மொட்டையாக எழுதுவது போதாது. ‘செவ்வாய் காலை 10 மணிக்குத் தோல் கொள்முதல் ரசீதுகளைச் சரிபார்க்க வேண்டும்’ என்று ஒரு சாதாரண நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள்.

உங்கள் ஊர் லுங்கித் தறிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நெசவாளர் தறியில் அமர்வதற்கு முன்பே வீட்டிலுள்ளவர்கள் ராட்டையில் தார், அதாவது ஊடைநூல் சுற்றிய சிறு குழல்கள், சுற்றி அருகில் வைத்துவிடுவார்கள்; தறியில் குறுக்கே ஓடும் நாடாவில் நூல் தீர்ந்ததும் கை தானாக அந்தப் பக்கம் போகும், அடுத்த தார் ஏறும், தறி மீண்டும் ஓடும். தார் தயாராக இல்லையென்றால் எவ்வளவு கைதேர்ந்தவரும் எழுந்துதான் ஆக வேண்டும். நீங்களும் மாலையில் புறப்படுவதற்குப் பத்து நிமிடம் முன்பாக, மறுநாள் முதலில் தொடவேண்டிய கோப்பை மேசை நடுவே எடுத்து வைத்து, எந்தப் பதிவில் நிறுத்தினீர்கள் என்பதை ஒரு சீட்டில் குறித்துவிட்டு வாருங்கள். நான் அறிந்தவரை எந்தச் செயலியையும்விட இது அதிகம் உதவும்.

உங்கள் பணியின் கெடு தேதிகளும் பெரும்பாலும் முன்பே தெரிந்தவைதாம். பிடித்தம் செய்த வருமான வரிக்கு 7, மாதந்தோறும் கணக்குக் காட்டும் நிறுவனங்களின் ஜிஎஸ்டி விற்பனை விவரத்துக்கு 11, வருங்கால வைப்பு நிதிக்கும் இஎஸ்ஐக்கும் 15, ஜிஎஸ்டி வரியைக் கணக்கிட்டுச் செலுத்தும் ஜிஎஸ்டிஆர் 3பி படிவத்துக்கு 20 என்று தேதிகள் இருக்க, ஒவ்வொன்றுக்கும் மூன்று நாள் முன்னதாக உங்களுக்கென ஒரு கெடுவை வைத்துக்கொண்டால், கடைசி நாளில் இணையதளம் மெதுவாக இயங்கினாலும் பதற்றமில்லை.

மேல்பட்டியையும் பச்சகுப்பத்தையும் கடக்கும் அந்த ரயில் நேரத்தில் வேறு வேலை எதையும் திணிக்க வேண்டாம். கண்ணை மூடி அமர்ந்திருங்கள். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஐந்து மணியிலிருந்து பத்து மணி வரை என்றால் வீட்டு வேலை முழுவதும் உங்கள் தலையில்தான் இருக்கிறது என்று தெரிகிறது. அதற்கு நோட்டுப் புத்தகம் மருந்தாகாது. வீட்டாருடன் உட்கார்ந்து பேசி, காலைச் சமையலையோ பாத்திரம் துலக்குவதையோ இன்னொருவர் பொறுப்பாக்குவதே வழி.

கேள்வி: 25 நிமிடம் படித்து 5 நிமிடம் ஓய்வெடுக்கும் முறை தேர்வுக்கு உதவுமா?
– கல்லூரி மாணவர், காட்பாடி

பதில்: உதவும். இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரில்லோ 1980-களின் பிற்பகுதியில், தாம் மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரம் ஒன்றை வைத்து இதை வகுத்தார். இத்தாலிய மொழியில் தக்காளிக்குரிய பெயரான ‘பொமோடோரோ’வே முறையின் பெயராயிற்று. தொடங்கவே மனம் வராத நாட்களில் இது மிகவும் கைகொடுக்கும். நீண்ட கணக்கு ஒன்றில் ஆழ்ந்திருக்கும்போது மட்டும், மணி அடித்ததே என்று பாதியில் எழ வேண்டாம்; 45 அல்லது 50 நிமிடமாக நீட்டிக்கொள்ளலாம். நேரத்தைக் கைப்பேசியில் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தில் பாருங்கள். கைப்பேசி அடுத்த அறையில் இருக்கட்டும்.